சனிக்கிழமைச் சம்பளம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கீழே தையல் பிரிவின் பவர் டேபிளில் கடைசி அரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்க்கும் அண்ணன் மாடிப்படி ஏறி என் ரூமுக்கு வந்தார். எதுவானாலும் இன்டர்காமில் சொல்லிவிடுகிறவர், மேலே ஏறி வருகிற பழக்கம் இல்லாதவர். கையில் நாலாக மடித்த துண்டுச் சீட்டு. பிரித்து மேஜைமேல் வைத்தார். இரண்டே வரி. நாளைக்குக் கொடுக்க வேண்டிய வாரச் சம்பளம் 10 லட்சம். பேங்கில் எடுக்க முடிந்தது மூன்றரை லட்சம்.

"லிமிட் ஃபுல்லாயிருச்சுங்க தம்பி. இதுக்கு மேல பேங்க்ல கேட்க முடியாது" என்றார்.

எனக்குப் புரியவேயில்லை. ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிந்த மாதம் அது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டியும் ஆள் பற்றவில்லை. ஷிப்மென்ட் ஒன்றுகூடத் தவறவில்லை. என் காஸ்டிங் ஷீட்டில் ஒவ்வொரு பீஸிலும் லாபம் இருந்தது. அப்படியிருக்க, தைத்தவர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் என்பது சாதாரண விஷயம் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் தள்ளிப் போனால் மனவருத்தம். வாரச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது, மளிகைக்கடைப் பாக்கி, சீட்டுப் பணம், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது எல்லாமே அந்தச் சனிக்கிழமையைத்தான் நம்பி இருக்கும். முதலாளி மறுநாள் காலையில் நூல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் ஏழு லட்சம் கைமாத்து வாங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோருக்கும் சம்பளம் போய்விட்டது. தைக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். திட்டவில்லை. என் காஸ்டிங் ஷீட்டை முன்னால் போட்டார். "மாசம் பதினஞ்சு லட்சம் லாபம்னு இதுல காட்டறே. அந்தக் காசு எங்க இருக்குதுன்னு காட்டுப்பா."

காட்டத் தெரியவில்லை. டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்து, செக்கிங்கில் சேர்ந்து, பதினோரு வருடத்தில் ஃபேக்டரி மேனேஜர் ஆனவன் நான். ஒரு துணியின் ஜிஎஸ்எம் எடையைச் சொன்னால் அது கண்ணுக்கு முன் வரும். ஓவர்லாக் சத்தத்தைக் கேட்டே மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் நான் நடத்தும் கம்பெனியின் பணம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. அதை அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றே அத்தனை வருடமும் இருந்துவிட்டேன்.

அன்று தொடங்கிய படிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தொழில் தெரிந்து, ஆள் தெரிந்து, கணக்கு மட்டும் தெரியாமல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களை நினைத்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் உண்மையான எண்களை வெளியில் எழுதுவது முறையல்ல. அதனால் விகிதம் கெடாமல் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

கணக்கு அண்ணனிடம் போய், சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். தினமும் ஆறரை மணிக்கு அரைமணி நேரம் ஒதுக்கினார். முதல் நாள் கணக்கு மென்பொருளான டேலியைத் திறக்கவே விடவில்லை. "மெஷின்ல ஏத்தறத நாங்க பாத்துக்கறோம். நீங்க நோட்டுல கையால எழுதுங்க" என்றார். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கி வரச் சொன்னார். பள்ளிக்கூடப் புத்தகமா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் இன்றைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிடும் புத்தகம், தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், இறுதிக் கணக்கு என்று படிப்படியாகப் போகும். ஆங்கிலத்தில் மேனேஜர்களுக்கென்று எழுதிய தடிமனான புத்தகங்களை நானும் வாங்கினேன். அவை புரிந்தது, இந்தப் பள்ளிப் புத்தகத்தை முடித்த பிறகுதான்.

முதல் வாரமே நான் முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. எங்கள் புத்தகத்தில் பேங்க் இருப்பு பற்றுப் பக்கத்தில் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்டில் அதே பணம் வரவாக இருக்கிறது. எது சரி என்று கேட்டேன். அண்ணன் என் பேனாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "இப்ப உங்க பேனா எங்கிட்ட இருக்குது. உங்க நோட்டுல என்ன எழுதுவீங்க? நான் தரணும்னு எழுதுவீங்க. எந்நோட்டுல நான் என்ன எழுதுவேன்? உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு எழுதுவேன். பேனா ஒண்ணுதானுங்களே?" பேங்க் ஸ்டேட்மென்ட் என்பது பேங்க் தன் பார்வையில் எழுதிய நோட்டு. நம் பணத்தை அது நமக்குத் தர வேண்டியிருப்பதால் அங்கே வரவு. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் நோட்டிலும் அது பதிவாகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இரட்டைப் பதிவு என்பதைச் சும்மா ஒரு விதியாக மனப்பாடம் செய்யப் பார்த்தவனுக்கு, அதற்குள் பெரும்பாலும் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது பெரிய செய்தியாக இருந்தது.

இரட்டைப் பதிவு முறையை வெனிஸ் வியாபாரிகள் கையாண்டதைப் பார்த்து லூக்கா பசியோலி என்ற துறவி 1494-ல் தன் கணிதப் புத்தகத்தில் அச்சேற்றினார். நம் பக்கத்திலும் இதற்குப் பெரிய மரபு உண்டு. நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் லேவாதேவி நடத்திய காலத்தில், சின்ன வயதுப் பையன் பெட்டியடிப் பையனாகக் கடையில் சேருவான். பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகு மேலாள். கடையைக் கூட்டுவது, பேரேட்டில் பதிவது, ஐந்தொகை எடுப்பது, ஊருக்குக் கடிதம் எழுதுவது, கடன் கேட்டு வருகிறவரிடம் பேசுவது எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ், ஒரே மேலாளைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். கணக்குக்கு ஒரு வகுப்பு, பேச்சுக்கு ஒரு வகுப்பு என்று அங்கே பிரிவு இல்லை. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலாளியின் கேள்விக்கு வருகிறேன். லாபம் இருக்கிறது, காசு எங்கே?

அண்ணன் அதற்கு ஒரே நாளில் பதில் சொல்லவில்லை. மூன்று வாரம் ஆனது. அந்த வருடம் 40 லட்சத்துக்கு மெஷின் வாங்கியிருந்தோம். பேங்கிலிருந்து 40 லட்சமும் போய்விட்டது. ஆனால் லாப நட்டக் கணக்கில் வருடத் தேய்மானமாக 15 சதவீதம், அதாவது 6 லட்சம்தான் செலவாகத் தெரியும். மீதி 34 லட்சம் லாபத்தைத் தொடவே இல்லை. பழைய டேர்ம் லோனுக்குக் கட்டும் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. அசல் லாப நட்டக் கணக்கில் வராது. இதெல்லாம் எனக்குப் புதிது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையின் காரணம் இவை இரண்டும் இல்லை. அது நான் எழுதிய ஒரு மெயில்.

கணக்கு இப்படி. நூல் வாங்கியதிலிருந்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் முடிந்து சரக்கு கப்பலேற 45 நாள். கப்பலேறிய தேதியிலிருந்து பையர் பணம் தர 60 நாள். மொத்தம் 105. நூல் மில்லுக்கும், வெளியில் கூலிக்கு வேலை செய்துதரும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் நாம் சராசரியாக 30 நாள் கழித்துத் தருகிறோம். கழித்தால் 75. இந்த 75 நாளும் எங்கள் பணம் வெளியில் நிற்கிறது. வருடத்தில் 24 கோடிக்கு விற்கிற கம்பெனி. செலவு 22 கோடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 லட்சம். 75 நாளுக்கு நாலரை கோடி. பேங்க் லிமிட்டும் முதலாளி போட்ட பணமும் சேர்ந்து அதே நாலரை கோடிதான் இருந்தது. நூல்மேல் நடப்பதுபோலத்தான் கம்பெனி நடந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில மாதம் முன்னால், எங்கள் உற்பத்தியை ஏறக்குறைய முழுவதும் எடுக்கும் பையர் மெயில் போட்டார்கள். அடுத்த சீசன் முதல் 60 நாளை 75 நாளாக்கிக்கொள்ளலாமா? அதே மெயிலில் விலையைப் பற்றியும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் விலையில் கறாராக நின்று பீஸுக்கு 2 ரூபாய் கூட்டி வாங்கினேன். சந்தோஷத்தில், நாள் விஷயத்துக்குப் பத்து நிமிஷத்தில் சரி என்று பதில் போட்டுவிட்டேன். கணக்கு அண்ணனிடம் கேட்கவில்லை. முதலாளியிடம் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

15 நாள். ஒரு நாளைக்கு 6 லட்சம். 90 லட்சம். அந்த ஒற்றை வரி மெயில் கம்பெனியிலிருந்து 90 லட்சத்தை உருவி வெளியே வைத்துவிட்டது.

இதில் எனக்கு இன்னொரு பாடமும் இருந்தது. பத்து சதவீத வட்டி என்று வைத்தால் 90 லட்சத்துக்கு மாதம் 75 ஆயிரம். மாதம் ஒரு லட்சம் பீஸ். நான் கூட்டி வாங்கிய 2 ரூபாயில் 2 லட்சம் கிடைக்கிறது. லாபக் கணக்காகப் பார்த்தால் அது நல்ல பேரம். ஆனால் அந்த 90 லட்சம் கையில் இல்லை, கடன் தரவும் ஆள் இல்லை. லாபமான பேரம் ஒன்றே சனிக்கிழமைச் சம்பளத்தை நிறுத்திவிட முடியும். லாபம் வேறு, பணம் கையில் இருப்பது வேறு என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துண்டுச் சீட்டில் மூன்றரை லட்சம் என்று பார்த்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

அதன் பிறகு படிப்பில் வேகம் வந்துவிட்டது. எனக்கு அதிகம் உதவியது அடக்க விலையைப் பிரித்துப் பார்க்கக் கற்றதுதான். 200 ரூபாய்க்கு விற்கும் டி-ஷர்ட். துணி 96, லேபிள் பாலிபேக் முதலானவை 14, வெட்டித் தைத்துப் பேக் செய்யும் கூலி 40. மொத்தம் 150. இது பீஸோடு கூடவே ஏறும், இறங்கும். கட்டட வாடகை, ஆபீஸ் சம்பளம், வட்டி, தேய்மானம் என்று மாதம் 35 லட்சம். ஒரு பீஸ் தைத்தாலும் தைக்காவிட்டாலும் இது நிற்காது. ஒரு பீஸ் விற்றால் 50 ரூபாய் இந்த 35 லட்சத்தை அடைக்கப் போகிறது. 70 ஆயிரம் பீஸில் அடைந்துவிடும். அதற்கு மேல் போகிற பீஸில்தான் லாபம். முன்பெல்லாம் 35 லட்சத்தை ஒரு லட்சம் பீஸுக்கு வகுத்து, பீஸுக்கு 35 என்று சேர்த்து, அடக்கம் 185 என்று கணக்கு போட்டு வைத்திருப்பேன். யாராவது 175-க்குக் கேட்டால் நஷ்டம் என்று போனை வைத்துவிடுவேன்.

அது பாதி உண்மைதான். மாதத்தில் 80 ஆயிரம் பீஸுக்குத்தான் ஆர்டர் இருக்கிறது, லைன் காலியாக நிற்கிறது என்றால், 175-க்கு 20 ஆயிரம் பீஸ் எடுத்தால் பீஸுக்கு 25 வீதம் 5 லட்சம் கைக்கு வரும். விட்டால் ஒன்றும் வராது. வாடகை மட்டும் ஓடும். ஆனால் லைன் நிரம்பி இருக்கும்போது 200 ரூபாய் ஆர்டரைத் தள்ளிவைத்து 175-ஐ எடுத்தால் அது உண்மையிலேயே நஷ்டம். ஒரே விலை, ஒரு மாதம் சரி, மறு மாதம் தப்பு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 175-க்குக் கொடுத்த செய்தி 200 கொடுக்கும் பையர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் சூத்திரம் கிடையாது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூர் முழுக்க இதுதான் பேச்சு. பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். எவ்வளவு வரைக்கும் இறங்கலாம், எத்தனை மாதம் தாங்கலாம் என்று இந்த 150-ம் 50-ம் 35 லட்சமும் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேச முடிந்தது. தெரியாதவர்கள் பயத்தில் ஒத்துக்கொண்டார்கள், அல்லது பயத்தில் விட்டுவிட்டார்கள்.

நூல் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ல் நூல் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் மே மாதம் திருப்பூரில் அதற்காகக் கடையடைப்பே நடந்தது. பையருக்கு விலை கொடுத்தது ஒரு மாதம், நூல் வாங்கியது மூன்று மாதம் கழித்து. அதன் பிறகு என் காஸ்டிங் ஷீட்டின் மேலே தேதியும், இந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதும் கட்டாயம் இருக்கும்.

இதுவரை சொன்னது படித்தது. படித்ததை வாயால் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு அதைவிட அதிக காலம் ஆனது. என் அபிப்பிராயத்தில் மேனேஜருக்குக் கணக்கு தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எண்ணை உண்டாக்குகிறவர் அவர் இல்லை. கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர், பேங்க் ஆபீசர், ஜாப் ஒர்க்காரர் ஆகியோரின் கைதான் அந்த எண்ணை உண்டாக்குகிறது. அந்தக் கைக்கு எட்டும்படி சொல்லாத கணக்கு பேரேட்டிலேயே தூங்கும்.

கட்டிங் மாஸ்டரிடம் நடந்ததைச் சொல்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர். நான் செக்கிங்கில் சேர்ந்தபோதே அவர் மாஸ்டர். துணி சேதாரம் ஒரு சதவீதம் கூடுதலாகப் போகிறது என்று கணக்கில் தெரிந்தது. மீட்டிங் போட்டேன். ப்ரொஜெக்டரில் கிராஃப் காட்டினேன். சேதாரம் இத்தனை சதவீதம், இலக்கு இத்தனை சதவீதம் என்றேன். மாஸ்டர் மரியாதையாக "சரிங்க" என்றார். அடுத்த மாதம் அதே எண். அதற்கடுத்த மாதமும் அதேதான்.

பிறகு ஒருநாள் பேப்பரை எல்லாம் வைத்துவிட்டு கட்டிங் டேபிளுக்குப் போனேன். லே போட்டுக்கொண்டிருந்தார்கள், அதாவது வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மீட்டர் நீளம். ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு முனையிலும் துணி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டேப் வைத்துப் பார்த்தேன். ஒரு முனைக்கு 5 சென்டிமீட்டர். இரண்டு முனைக்கும் சேர்த்து 10. மாஸ்டரிடம் கேட்டேன்: "அண்ணா, இதுல எவ்வளவு இருந்தா போதும்? உங்களுக்குத் தெரியாததா, எனக்குச் சொல்லுங்க." அவர் குனிந்து பார்த்தார். "ரெண்டரை போதுங்க. பசங்க அவசரத்துல இழுத்து விட்டுடறாங்க. துணி சுருங்கி உள்ள போயிட்டா பீஸ் கெட்டுருமேன்னு நானும் கண்டுக்கறதில்ல." அப்படியானால் அடுக்குக்கு 5 சென்டிமீட்டர் மிச்சம். ஐந்து மீட்டரில் அது ஒரு சதவீதம். மாதம் ஒரு லட்சம் பீஸ் வெட்டுகிறோம்; ஒரு சதவீதம் என்றால் ஆயிரம் பீஸுக்கான துணி. "ஒரு மாசத்துக்கு ஆயிரம் டி-ஷர்ட்டுத் துணிங்கண்ணா, இந்த ரெண்டு முனையில போகுது" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வெட்டுத் துணி மூட்டை கட்டி வைக்கும் மூலையைத் திரும்பிப் பார்த்தார். ஆயிரம் பீஸ் என்றால் எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். மறுநாள் காலை லே டேபிளின் இரண்டு ஓரத்திலும் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தார். நான் போடச் சொல்லவில்லை. 96 ரூபாய் துணியில் மாதம் 96 ஆயிரம். கிராஃபில் இரண்டு மாதம் சொல்லி நடக்காதது அந்தச் சாக்பீஸ் கோட்டில் நடந்தது.

கணக்கின் மொழியை அவர் மொழிக்கு மாற்ற வேண்டியது என் வேலை, அவர் வேலை இல்லை. சதவீதத்தை பீஸாக, பீஸை நேரமாக, நேரத்தைக் கூலியாக மாற்றிச் சொல்ல வேண்டும். லைன் சூப்பர்வைசரிடம் எஃபிஷியன்சி என்று பேசினால் அவர் தன்னைக் குறை சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். இன்றைக்கு 40 பீஸ் ஆல்டர் வந்தது, அதைப் பிரித்துத் தைக்க ஒரு டெய்லருக்கு எத்தனை மணி போனது என்று உட்கார்ந்து பேசினால் எந்த ஆபரேஷனில் கோளாறு என்று அவரே சொல்லிவிடுவார். எந்த ஆளையும் மற்றவர்கள் முன்னால் எண்ணைக் காட்டிக் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். நான் அதைச் செய்திருக்கிறேன். அப்படிக் கேட்கப்பட்ட ஒரு செக்கிங் பெண் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

பேங்க் விஷயம் வேறு மாதிரி. மாதாமாதம் பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் வருடக்கணக்காகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பேப்பரை வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள் என்பது தெரியாது. 90 லட்சம் சிக்கிய சமயம் முதலாளியோடு பேங்குக்குப் போனேன். மெஷின், சர்ட்டிஃபிகேட், பையர் பெருமை என்று இருபது நிமிஷம் பேசினேன். ஆபீசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆர்டர் இருக்கு, சரக்கு போகுது, அப்புறம் ஏன் லிமிட் நிறைஞ்சே நிக்குது?" என்றார். அதுதான் அவருக்கு வேண்டிய ஒரே பதில். நான் அதைத் தவிர எல்லாம் சொல்லியிருந்தேன். இரண்டாவது தடவை ஒரே ஒரு தாள் கொண்டுபோனேன். 45 நாள், 60 நாள் 75 ஆனது, அதனால் 90 லட்சம் நின்றது, எந்தெந்த பில் எந்தத் தேதியில் வரும், மூன்று மாதத்துக்கு 50 லட்சம் அட்ஹாக், அதாவது தற்காலிகக் கூடுதல் கடன் வேண்டும், எந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கட்டுவோம். தப்பு எங்கள் பக்கம் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். ஆபீசர் தாளை இரண்டு முறை படித்தார். பத்து நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. அட்ஹாக் கிடைத்தது.

பையருக்கும் மறுபடி மெயில் போட்டேன். இந்தத் தடவை ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். அண்ணனும் நானும் உட்கார்ந்து கணக்கு போட்டோம். 200 ரூபாய்க்குப் பத்து சதவீத வட்டியில் 15 நாள் என்றால் 82 பைசா. ஆகவே பீஸுக்கு 1 ரூபாய் குறைத்துத் தருகிறோம், பழையபடி 60 நாளுக்கே வாருங்கள் என்று கேட்கலாம். எங்களுக்கு மாதம் ஒரு லட்சம் குறையும்; 90 லட்சம் திரும்ப வரும். மெயிலின் முதல் வரியிலேயே வேண்டியதை எழுதினேன், இரண்டாவது வரியில் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று எழுதினேன், மூன்றாவது வரியில் எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று எழுதினேன். நம் ஊர்ப் பழக்கத்தில் நலம் விசாரித்து, சுற்றி வளைத்து, கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வருவோம். நேரில் பேசும்போது அது அழகுதான், மெயிலில் எடுபடாது. நான்கு நாளில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பத்து நிமிஷத்தில் கொடுத்தது முழுக்கக் கைக்குத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது.

மேலே ஒரு கணக்கு போட்டேன் இல்லையா, 105-ல் 30-ஐக் கழித்தால் 75 என்று. அந்த 30 நாளை அப்போது எனக்குச் சாதகமான எண்ணாக மட்டுமே பார்த்தேன். கூட்டினால் எங்கள் சுமை குறையும். கணக்குப் புத்தகமும் அப்படித்தான் சொல்லும். அந்த 30 நாளில் யார் காத்திருக்கிறார் என்று 2024 மார்ச்சில்தான் பார்த்தேன்.

அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 2023 நிதிச் சட்டம் புதிதாக (எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்னபடி, அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் எந்த வருடம் கொடுக்கிறோமோ அந்த வருடம்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 45 நாள் என்பது 2006-ம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்திலேயே இருப்பதுதான். தாமதத்துக்குப் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றும் அதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததில்லை. வருமான வரியில் வந்தவுடன் ஊரே பேரேட்டைப் புரட்டியது. நாங்களும் புரட்டினோம். நாள் கடந்து நின்ற ஜாப் ஒர்க் பாக்கி 12 லட்சம். 30 சதவீத வரி என்று மட்டும் வைத்தாலே 3 லட்சத்து 60 ஆயிரம் அந்த வருடம் கூடுதலாகக் கட்ட நேரும்.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் எங்களுக்கு எம்பிராய்டரி செய்துதரும் ஒருவருடையது. இரண்டு மெஷின், ஏழெட்டுப் பையன்கள். வாரா வாரம் வந்து ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "அடுத்த வாரம் பாருங்க" என்று சொல்லி அனுப்புவோம். நானே சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை. பட்டியலைப் பார்த்தபோது அவருடைய 75 நாள் என்ன என்று நோட்டில் போட்டுப் பார்த்தேன். நூலும் மின்சாரமும் அவர் கைக்காசு. பையன்களுக்குச் சம்பளம் வாரா வாரம். பேங்க் லிமிட் கிடையாது. எங்கள் 90 லட்சத்துக்கு நாங்கள் பேங்கில் ஒரு தாளைக் கொடுத்துக் கேட்க முடிந்தது. அவர் கேட்க இருந்த ஒரே இடம் அந்தப் பெஞ்சு.

பாக்கி முழுக்க மார்ச் 31-க்குள் தீர்த்தோம். பிறகு அண்ணனோடு உட்கார்ந்து ஜாப் ஒர்க்காரர் ஒவ்வொருவருக்கும் பில் வந்த நாளிலேயே பணம் தரும் தேதியை எழுதிவைக்கும் பழக்கம் கொண்டுவந்தோம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, 30 நாளுக்கு மேல் போகாமல். அதற்குத் தகுந்தபடி எங்கள் பணம் எந்த வாரம் எவ்வளவு வரும், போகும் என்று பதின்மூன்று வாரத்துக்கு ஒரு தாள் எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் நானும் அதைத் திருத்துவோம். அவர் இப்போது மேலே ஏறி வருவது இதற்காக.

போன மாதம் எம்பிராய்டரிக்காரர் பில் கொடுக்க வந்தார். பழக்கத்தில் பெஞ்சில் உட்காரப் போனவரை உள்ளே கூப்பிட்டேன். தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, அவர் பில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டினேன். தேதியை விரல் வைத்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுந்திருக்கும்போது கேட்டார்: "வெள்ளிக்கிழமையே வந்துருங்களா? அப்படின்னா அந்தச் சனிக்கிழமைக்குப் பசங்ககிட்டச் சொல்லிடறேனுங்க."

வந்துவிடும், சொல்லுங்கள் என்றேன்.